வெள்ளைப் பையும் ஆடிக் கூழும்

ஜூலை 31, வியாழன்

புழுக்கம். மழை வருவதுபோல் வந்து களம்பூர்ப் பக்கம் போய்விட்டது.

பை வந்தது. வேலூரிலிருந்து பைக்கில், ஐஸ் பெட்டியில், தண்டபாணி கொண்டுவந்தான். என் வீட்டுப் பின்கட்டில் குடியிருக்கும் பட்டு நெசவாளி. அவன் மகள் நிலாவுக்கு ஐந்து வயது. குடல் முறுக்கி, பாதிக்குமேல் வெட்டி எடுத்துவிட்டார்கள். ஆறும்வரை வாய்க்கு ஒன்றும் கூடாது. சோறு, பருப்பு, எண்ணெய் எல்லாவற்றின் சத்தும் இந்த வெள்ளைப் பையில். மார்பில் வைத்த குழாய் வழியே நேராக ரத்தத்துக்கு. தினம் ஒரு பை, காலை ஆறு முதல் மாலை ஆறு.

ஃபிரிட்ஜ் மேல்தட்டு பைக்கு. என் புளிக்காய்ச்சல் வெளியே.

பையைக் குழாயில் பூட்டக் கற்றவர்கள் இருவர்: தாய் செல்வி, நான். செல்விக்குக் கை நடுங்குகிறது. எனக்கு எழுபத்து நான்கு. நடுங்கவில்லை.

ஆகஸ்ட் 1, வெள்ளி

கோபம். தண்டபாணி உதவ வந்தான். குழாய் மூடியைத் தொடுமுன் விரலை நாக்கில் வைத்தான்! அறுந்த இழையை எச்சில் தொட்டு முறுக்கும் கை. தடுப்பதற்குள் மூடியில் பட்டுவிட்டது.

"வேணும்னா செஞ்சேன் லீலாம்மா? கை தானா பூடுதும்மா."

"இழை அறுந்தால் சேர்ப்பாய். இவளுக்கு இருப்பது ஒரே குழாய்."

ஸ்பிரிட், புது மூடி. நர்ஸுக்கு போன். அவள் சொன்னது: காய்ச்சல் 100.4 தாண்டினால், குளிர் எடுத்தால், அந்த நிமிடமே வேலூர். கிருமி ஏறினால் குழாயை எடுக்க வேண்டிவரும். அப்புறம் சாப்பாட்டுக்கு வழி?

10 மணி 98.4. 2 மணி 99. 6 மணி 98.8.

எதிர்வீட்டுக் கன்னியம்மா வந்தாள். கோயில் கமிட்டி அல்லவா. "கொழந்தய பட்டினி போட்டுகினு இன்னா வைத்தியம்? ஞாயித்துக்கெழம ஆத்தா கூழு ஒரு வாய் ஊத்து, சரியாப்பூடும்." பிறகு செல்வியிடம், எனக்குக் கேட்கும்படி மெதுவாக: "வெடிஞ்சதும் தாலியறுத்தவ கைதான் படணுமா புள்ள மேல?"

முழங்கை வரை சோப்பு போட்டுக் கழுவிய கை. அவள் வாயை யார் கழுவுவது?

ஆகஸ்ட் 3, ஞாயிறு

98.4. காய்ச்சல் இல்லை. தண்டபாணி மூன்று நாளாக நகம் ஒட்ட வெட்டுகிறான்.

பம்பை, உடுக்கை. கூழ்க் குடம் வாசலுக்கே வந்துவிட்டது. முன்னால் கன்னியம்மா, பின்னால் தெருவே. வாசற்படியில் நின்றேன்.

"ஆத்தா கூழ வேணான்னா குடும்பத்துக்கு ஆவாது, சொல்டேன்."

"வேண்டாம் என்றேனா? நிலா பங்கையும் சேர்த்து எனக்கு ஊற்று."

"ஒனக்கு எதுக்கு ரெண்டு பங்கு?"

"ஊற்றடி."

இரண்டு சொம்பு. நின்றபடியே ஒன்றைக் குடித்தேன். நல்ல கூழ்தான், சொல்ல வேண்டும், வெங்காயம் தாராளம்.

உள்ளேயிருந்து நிலா: "எனக்கும்." இந்த ஒரு சொல்லுக்குத்தான் பயந்திருந்தேன். செல்வி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

உள்ளே போய், மற்ற சொம்பை நிலாவின் மூக்கருகே பிடித்தேன். கண்ணை மூடி மோந்தாள். மோப்பதற்குத் தடை என்று ஆஸ்பத்திரித் தாளில் இல்லை. பிறகு அவள் எதிரிலேயே அதையும் குடித்தேன். என்னை முறைத்தாள். முறைக்கட்டும்.

ஆகஸ்ட் 4, திங்கள்

வேலூர். பஸ் நெரிசல். இன்றைய பையை ஆஸ்பத்திரியிலேயே பூட்டினார்கள். குடை மறந்தது.

எடை 300 கிராம் கூடியிருக்கிறது. தையல் ஆறிவிட்டது. டாக்டர்: "நாளையிலிருந்து கஞ்சித் தண்ணி, ரெண்டு மணிக்கு ஒரு தடவ, அஞ்சு மில்லி. பை நிக்காது."

ஐந்து மில்லி. ஒரு தேக்கரண்டி. செல்வி பஸ் முழுக்க அழுதாள்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

தூறல். 98.4. ஆறு மணிக்குப் பை பூட்டியாயிற்று.

கன்னியம்மாவை நானே கூப்பிட்டனுப்பினேன். "முதல் வாய் நீ ஊற்று." திகைத்துப்போனாள். நகத்தைக் காட்டச் சொன்னேன். கான்வென்ட் பள்ளியில் என்னைக் காட்டச் சொன்னதுபோல். நீளம். திருப்பி அனுப்பினேன்.

"பேஜார் புடிச்ச பொம்பள," தெருவுக்கே கேட்டது.

வெட்டிக்கொண்டு வந்தாள். இருபது எண்ணும்வரை சோப்பு. நான்தான் எண்ணினேன். ஒன்பது மணி. ஐந்து மில்லி.

நிலா விழுங்கினாள். உதட்டை நக்கினாள். "இன்னொண்ணு."

கன்னியம்மா என்னைப் பார்த்தாள். அவள் கண்ணில் தண்ணீர்.

"பதினொன்றுக்கு," என்றேன்.