நான் எழுதியது நாவல்

வடகரை
செவ்வாய்க்கிழமை

மகன் முஃபீதுக்கு, உம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

நீ எனக்குச் செய்தது அநியாயம். நான் நாவல் என்று எழுதியதை, வடகரையில் நடந்த உண்மைச் சம்பவம் என்று சொல்லி அந்த இலக்கிய முகவருக்கு அனுப்பியிருக்கிறாய். ஊரைக் கடற்கரைக்கு மாற்றி, பெயர்களை மாற்றி நான் மறைத்ததையெல்லாம் ஒரே வரியில் திறந்துவிட்டாய். உண்மை என்றால்தான் பதிப்பகங்கள் வாங்கும் என்று உனக்கு யார் சொன்னது? ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்குத் தெரிவது உனக்குத் தெரியவில்லை.

முகவர் எப்சிபா சென்னையிலிருந்து குற்றாலத்துக்குச் சாரலுக்கு வந்தவர், ஞாயிற்றுக்கிழமை என்னையும் பார்க்க வந்துவிட்டார். முக்குக் கடையில், கிணற்றுக் கதை எழுதிய அம்மா வீடு எது என்று வழி கேட்டிருக்கிறார். அது யார் கடை? என் தங்கை ஹாஜராவின் புருஷன், உன் சாச்சா முகம்மது கனியின் கடை. அவனே என் வாசல்வரை கூட்டி வந்தான்.

"மதினி, புக்கெல்லாம் எழுதுதீங்களாமே, சொல்லவேயில்ல" என்று சிரித்தான். சமையல் புத்தகம் என்றேன். அவர் போன பிறகு திரும்பி வந்தான். "சமையல்ல கிணறு எதுக்கு மதினி வருது?" என்றான். அப்போது சிரிக்கவில்லை.

ஹாஜரா வழுக்கிக் கிணற்றில் விழுந்தாள் என்று அவன் சொன்னதை ஊரே நம்பியது. அவள் மகள் சாஜிதா இன்னும் அந்த வீட்டில்தான் இருக்கிறாள். நான் சொல்லச் சொல்லப் புத்தகத்தைப் போனில் அடித்துத் தந்தவளே அவள்தான். நேற்று அந்தப் போனைப் பிடுங்கி வைத்துக்கொண்டான். அதைத் திறக்கும் நம்பர் மறந்துவிட்டது என்று சொல்லியிருக்கிறாள். எத்தனை நாள் மறப்பாள்?

எப்சிபாவிடம் எல்லாம் சொன்னேன். பயமாக இருந்தால், கதையில் தங்கை நோயில் இறந்ததாக மாற்றிவிடலாம் என்றார். பயம்தான். ஆனாலும் ஒரு வரி மாற்ற மாட்டேன்.

போனில் பேசப் பயந்து இதைப் பக்கத்து வீட்டு ஹம்தானிடம் கொடுத்தனுப்புகிறேன். வியாழக்கிழமை சார்ஜா வருகிறான்.

இனி ஆக வேண்டியதைக் கேள். இது கற்பனை என்று எப்சிபா எல்லாப் பதிப்பகத்துக்கும் எழுத வேண்டும். சாஜிதாவைத் தன் வீட்டில் தங்க வைக்க ஒப்புக்கொண்டிருக்கிறார். சென்னையில் அவளுக்கு வேலை பார்த்திருப்பதாக நீ கனியிடம் பேச வேண்டும். நீ சொன்னால்தான் அனுப்புவான். செங்கோட்டையில் அவளை ரயிலேற்றுவது என் பொறுப்பு. ரயில் நகர்ந்த பிறகுதான் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவேன்.

அல்லாஹ் உன்னையும் சாஜிதாவையும் காக்கட்டும். உனக்கு இன்னும் ஒரு வேலை உண்டு. உம்மா வழுக்கி விழுந்துவிட்டாள் என்று யார் போன் செய்தாலும், நம்பாதே.

உன் உம்மா
ஷரீபுன்னிசா