அட்டையில் ஒரு ஸ்டேஷன்

கண்ணு,

சென்னையில் நீயும் மாப்பிள்ளையும் சுகமா? போனில் பேசினால் அழுதுவிடுவேன், அதனால் எழுதுகிறேன்.

உன் அப்பா, பனியன் கம்பெனியில் மீந்த அட்டைப்பெட்டிகளை வெட்டி, நம் திருப்பூர் ரயில்வே ஸ்டேஷனைச் சின்னதாகக் கட்டிக்கொண்டிருக்கிறார். நீங்கள் இருவரும் வண்டி ஏறிய நாளிலிருந்து அந்தப் பக்கமே போகாதவர், போன ஞாயிற்றுக்கிழமை இஞ்ச் டேப்போடு போய் ஜன்னல்களை அளந்து வந்தார்.

முதலில் கட்டிய சுவர்கள் மூலையில் சேரவே இல்லை. கட்டிங் மாஸ்டர் அல்லவா! கைப்பழக்கத்தில் சுவருக்கும் தையலுக்கென்று கொஞ்சம் கூடுதலாக விட்டு வெட்டியிருக்கிறார்.

"ஏனுங்க, இதென்ன பனியனுங்களா?" என்றேன். சிரித்தார். அவர் சிரித்து எவ்வளவு நாளாயிற்று!

நேற்று பிளாட்பாரத்தில் இரண்டு அட்டை ஆட்களை ஒட்டினார். ஒருவர் கழுத்தில் டேப் தொங்குகிறது. பக்கத்தில் சேலை கட்டி நிற்பது நான்தான்.

"நாம சென்னைக்குப் போறமுங்களா?"

"அந்த வண்டி எதிர்ப்பக்கம் நிக்கும் புள்ள. இது அங்கிருந்து வர்ற வண்டி நிக்கிற பக்கம்" என்றார், தலை நிமிராமலே.

எந்த வண்டியில் வருகிறீர்கள் என்று மட்டும் எழுது.

அம்மா