கரோலினாவின் கலங்கரை விளக்கம்

பெப்ரவரி 6, 2024

கடைசி அத்தியாயத்தையும் இன்று கரோலினாவுக்கு அனுப்பிவிட்டேன். கரிபியன் கடலில் ஒரு துண்டுத் தீவு, அதில் டேனிஷ்காரர் கட்டிய கலங்கரை விளக்கம். நான் அங்கே போனதே இல்லை. ஒஸ்லோவில் இருந்துகொண்டு அந்தத் தீவுச் சனத்தோடு தொலைபேசியில் கதைத்துக் கதைத்தே அதன் வரலாற்றை எழுதினேன். புயலில் ஒருதரம் விழுந்து திரும்பக் கட்டிய கோபுரம். காவலாளி காய்ச்சலில் செத்த பிறகு அவன் பெண்சாதிதான் வருசக்கணக்காக விளக்கேற்றியிருக்கிறாள். சம்பளம் மட்டும் செத்தவன் பெயரில்! அதை எழுதும்போது எனக்குப் பத்திக்கொண்டு வந்தது.

ஆராய்ச்சிக்குத் தலைவி கரோலினா. எழுதியது முழுக்க நான்.

பெப்ரவரி 8

கந்தோரில் கோப்பி குடிக்கும்போது கரோலினா கேட்டாள்: "தங்கேஸ்வரி, அட்டையில் உன் பெயரையும் போடட்டுமா?"

உள்ளுக்குள் ஒரே துள்ளல். வாய் சொன்னது: "பரவாயில்லை, வேண்டாம்."

"சரி" என்றாள். கதை பனிச்சறுக்குக்குப் போய்விட்டது. திரும்பக் கேட்பாள்தானே?

பெப்ரவரி 9

கேட்கவில்லை.

பெப்ரவரி 11

மகேசனிடம் சொன்னேன். கட்டின மனுசன் ஆறுதல் சொல்லுவார் என்று பார்த்தால் விழுந்து விழுந்து சிரிக்கிறார்.

"ரெண்டாந்தரம் கேப்பா எண்டு இருந்தனீரோ? இதென்ன உம்மடை சின்னம்மா வீட்டுத் தேத்தண்ணியே? இஞ்சை ஒருக்காத்தான் கேப்பினம்."

நான் இந்த நாட்டுக்கு வந்து இருபது வருசம். எண்டாலும் பழக்கம் விடுமோ? உடனே ஓம் எண்டு சொன்னா ஆலாப் பறக்கிற மாதிரி இருக்காதோ? எங்கடை ஆக்களிலை ஆர் முதல் கேள்வியிலையே தலையாட்டினது? ஒருக்கா வற்புறுத்தினா அவளுக்கு என்ன குறைஞ்சு போகும்?

ஏப்ரல் 3

வெட்கத்தை விட்டுப் போய்க் கேட்டேன்.

"நீதானே வேண்டாம் என்றாய்? அட்டை அச்சுக்குப் போய்விட்டதே" என்றாள். முகத்தில் ஒரு கள்ளமும் இல்லை. அதுதான் இன்னும் எரிகிறது. நன்றியுரையில் போட்டிருக்கிறாளாம். கோதாரி விழ! நன்றியுரையை ஆர் வாசிக்கிறது?

ஓகஸ்ட் 29

புத்தக வெளியீடு. விளக்கேற்றினவளைப் பற்றிய பக்கத்தைக் கரோலினா மேடையில் வாசித்தாள். என்ரை வசனம், ஒவ்வொண்டும் என்ரை வசனம். சனம் எழும்பி நின்று கை தட்டியது. நானும் தட்டினேன். வீட்டுக்கு வரும் ஹொல்ம்லியா ரெயினில் யன்னல் பக்கம் திரும்பி இருந்து அழுதுகொண்டு வந்தேன்.

செப்டெம்பர் 12

என்னிடம் சொல்லாமல் மகள் இந்துஜா புத்தகத்தைப் பள்ளிக்குக் கொண்டுபோயிருக்கிறாள். "இது எங்கடை அம்மா எழுதினது" என்று வகுப்பில் எழும்பிச் சொன்னாளாம். ரீச்சர் அட்டையைப் பார்த்தாராம், பிறகு இவளைப் பார்த்தாராம். திருப்பிக் கொடுத்துவிட்டாராம். கடைசி வாங்கில் இருந்ததுகள் சிரித்ததுகளாம்.

"நான்தான் எழுதினனான் பிள்ளை. சத்தியமா நான்தான்" என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தவள் எழும்பி வந்து என்னைக் கட்டிப்பிடித்தாள்.

"அதுக்கென்னம்மா, உதவி செய்யிறதும் பெரிய வேலைதானே."