திருப்பி வாங்கிய பொதி

செவ்வாய், இரவு. மழை விட்டிருக்கிறது, நான் இன்னும் என் பிடியை விடவில்லை.

மண்சரிவில் லயத்து வீடுகளை இழந்த தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களை ஹேவாஹெட்டவில் தோட்டப் பாடசாலையொன்றில் தங்க வைத்திருக்கிறார்கள். கண்டியிலிருந்து ஒரு கடை முதலாளி லொறியில் உலர் உணவுப் பொதிகளோடு வந்திருந்தார். அங்கே தங்கியிருந்த செல்வராணி அக்காவிடம் ஒன்றைக் கொடுத்த பிறகுதான், பின்னால் தன் கடைப் பெயர் போட்ட பதாகை சரிந்து கிடந்ததைக் கண்டார். அதை நிமிர்த்தச் சொல்லிவிட்டு, "திருப்பித் தாங்க, இன்னொருக்கா தாரேன்" என்று பொதியைப் பிடித்து இழுத்தார்.

அந்த நொடியைப் பத்திரிகைக்குப் படம் எடுத்தேன். அவர் மறுபடி கொடுத்தபோது கமராவை இறக்கிவிட்டேன். நடிப்பைச் செய்தியென்று அனுப்ப எனக்கு வராது.

மாலையில் பத்திரிகை ஆசிரியர் தொலைபேசியில் அழைத்தார்.

"அவர் எங்கட விளம்பரதாரர். கொடுக்கிற படம் இல்லையோ?"

"இல்ல சேர். நடந்தது இதுதான்."

"இதைப் போட்டால் அந்தப் பொம்பிளைக்குத்தான் அவமானம், யோசிச்சுப் பாரும்."

விளம்பரம் போகும் கவலைக்கு அக்காவின் மானத்தைப் போர்த்துகிறார். நாளைக்கு அந்த லொறி வராமல் போனால் என்ற பயம் எனக்கும் உண்டு. அதனால்தான் அனுப்புவதற்கு முன்பே அக்காவிடம் படத்தைக் காட்டி, போடலாமா என்று கேட்டேன். கமராவை வாங்கி, கண்ணுக்குக் கிட்டே வைத்து, படத்தில் பொதியை இறுகப் பிடித்திருந்த தன் விரல்களையே பார்த்தார்.

"அந்த இழு இழுக்குறாரு, நா விட்டேனா பாருங்க மிஸ். இதையே போடுங்க."