போறேன் என்று சொன்னவர்

கார்த்திகை 3, புதன்

விடிந்ததிலிருந்து மழை. பட்டறையில் ஒரு தோலும் காயவில்லை. முதலாளி முதலில் வானத்தைத் திட்டினார். வானம் பதில் சொல்லாததால் எங்களைத் திட்டினார்.

வாங்க வேண்டியது: மண்ணெண்ணெய், மகள் கமலாவுக்கு ரிப்பன், குடைக்குக் கம்பி.

சாயங்காலம் கமலா ஜன்னலோரம் போய் உட்கார்ந்தாள். புதன்கிழமை என்றால் எதிர் டீக்கடை ரேடியோவில் அகப்பையாரின் சாப்பாட்டுப் பேச்சு. இன்று அவர் குரல் வரவில்லை. வீணை வாசித்தார்கள். பிறகு ஒருவர், அகப்பையார் காலமாகிவிட்டார் என்று நிதானமாகப் படித்தார்.

ஓடிப் போய் டீக்கடையில் நின்றேன். மெட்ராஸ் லாரி டிரைவர் ஒருவர் மிச்சத்தைச் சொன்னார். "நோவும் இல்ல, ஆக்சிடெண்டும் இல்லப்பா. தானா முடிச்சிக்கினாராம்." டீ மாஸ்டர் ரேடியோவை அணைத்தார். யாரும் டீயைத் தொடவில்லை.

மெட்ராஸில் ஏதோ ஓட்டலில் சமையல்காரராக இருந்தவர். ரேடியோக்காரர்கள் பிடித்துப் போய் மைக் முன் உட்கார வைத்தார்கள். ஊர் ஊராய் ரயிலேறிப் போவார், யார் வீட்டுச் சமையல்கட்டிலும் நுழைவார், தின்றதைச் சொல்வார். கேட்கிற நமக்கு எச்சில் ஊறும். இரண்டு வருஷத்துக்கு முன் இங்கே வந்தார். "ஆம்பூர் ஸ்டேஷன் வந்தால் தோல் நாற்றம் என்று மூக்கைப் பொத்தாதீர்கள். பொத்தினால் பிரியாணி வாசமும் போய்விடும்" என்று ரேடியோவிலேயே சொன்னார். பட்டறைக்காரன் வீட்டில் பெண் எடுக்க யோசிக்கிற ஜனங்கள் இருக்கிற தேசத்தில் இப்படி ஒருவர். மறுநாள் பட்டறையில் எல்லோரும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நாறினோம்.

கமலா அழவில்லை. "போன வாரம் முடிக்கறப்போ 'போறேன்'னாரு நைனா. எப்பவும் 'வர்றேன்'னு தானே சொல்வாரு. நான் அப்பவே சொன்னேன்."

சொன்னாள்தான். தின்று தின்று மனுஷருக்கு நாக்கு குழறிவிட்டது என்று ஜோக் அடித்தேன். இந்தப் பக்கம் வாசற்படி தாண்டும்போது யாரும் போறேன் என்று சொல்வதில்லை. பால்காரன்கூட வர்றேன் என்றுதான் சொல்லிவிட்டுப் போவான்.

ராத்திரி ரசம் மட்டும். அதுவும் மிச்சம்.

கார்த்திகை 4, வியாழன்

தூறல். பட்டறையில் நாள் முழுக்க இதே பேச்சு.

"இன்னாய்யா கொறை அந்தாளுக்கு? பேரு இருக்குது, வேளைக்கு ஒரு ஊரு சோறு."

"தின்னது செரிக்கலியோ இன்னாவோ."

சிரித்தார்கள். தோல் நனைக்கிற முனிசாமி மட்டும், "எம் பையன் செத்தப்போ எனக்கும் சோறு இருந்துது. எறங்கல" என்றார். அப்புறம் எல்லோருக்கும் வேலை மும்முரம்.

சாயங்காலம் காதர் பாயைப் பார்க்கப் போனேன். (இனி கா. பாய். மை கம்மி.) அகப்பையார் ரேடியோவில் புகழ்ந்த பிரியாணி இவருடையதுதான். அதற்கப்புறம் இந்தப் பக்கத்துக் கல்யாணம் எல்லாம் இவர் கையில். எனக்குச் சின்ன வயசு தோஸ்த். எட்டாவதை இரண்டு பேரும் சேர்ந்து இரண்டு தரம் படித்தோம். ஆகவே பத்தாவதுக்குச் சமம் என்று என் வீட்டுக்காரி ராஜம்மாளிடம் சொல்லியிருக்கிறேன். அவள் நம்பவில்லை.

அழுதுகொண்டிருப்பார் என்று நினைத்துப் போனேன். மனுஷர் ஜாலியாக இருந்தார். என் குடையைப் பார்த்து, "இன்னா தோஸ்த், வவ்வாலுக்கு ரெக்கை ஒடிஞ்சிடுச்சா?" என்றார். அகப்பையார் பேச்சை எடுத்தேன். "பெரிய மனுசன். விடு" என்று முடித்துவிட்டார்.

கிளம்பும்போது உள்ளே போய்த் தன் பெரிய கரண்டியை எடுத்து வந்தார். நீளப் பிடி, இரும்பு, அவர் அத்தா காலத்தது. மனைவி பேகம் உயிரோடு இருந்தபோது அந்த அம்மாவைக்கூடத் தொட விடமாட்டார். "வெச்சிக்கோ. நீ தான் பத்தரமா வெச்சிப்பே."

எனக்கு ஒரே பெருமை. மழையில் அதைத் தோளில் சாய்த்துக்கொண்டு சிப்பாய் மாதிரி வீட்டுக்கு நடந்தேன். தெருநாய் ஒன்று பயந்து வழிவிட்டது.

கார்த்திகை 5, வெள்ளி

மழை வலுத்தது. காலையில் சமையல்கட்டில் அந்தக் கரண்டியைப் பார்த்து ராஜம்மாள் நின்றுவிட்டாள்.

"இது இன்னாத்துக்கு இங்க?"

"பாய் குடுத்தாரு. பரிசு."

"ஞாயித்துக்கிழமை வலிமா கல்யாண விருந்து அவரு கையில இருக்குது. எந்தச் சமையக்காராவது கரண்டிய தூக்கிக் குடுப்பானா? கெளம்பறப்போ இன்னா சொன்னாரு உங்ககிட்ட?"

யோசித்தேன். வாசலில் நான் "வர்றேன் பாய்" என்றேன். அவர், "நானும் போறேன் தோஸ்த், தூங்க" என்றார். தூங்க என்பதைக் கொஞ்சம் பிந்தித்தான் சேர்த்தார்.

தோசை வாயிலேயே நின்றுவிட்டது.

பட்டறைக்குப் போகவில்லை. அவர் வீட்டில் பூட்டு. பள்ளிவாசல் எதிரே நின்றேன். தொழுகை முடிந்து எல்லோரும் வந்தார்கள். அவர் வரவில்லை. கடைசியாக வந்த இமாமிடம் கேட்டேன். "இன்னிக்கு வரலியே" என்றார்.  அவர் சமையல் கொட்டகைக்கு ஓடினேன். நான் ஓடுவதைப் பார்த்து, ரயிலுக்கா என்று ஒருவன் கேட்டான்.

கதவு உள்பக்கம் தாழ். தட்டினேன்.

"யாரு?"

உயிர் வந்தது.

"மாணிக்கம்."

"அப்புறமா வா."

"அப்புறமெல்லாம் முடியாது பாய். நனையறேன். குடைல கம்பி இல்ல."

மறுபடி தட்டினேன். பிறகு தாழ் எடுக்கும் சத்தம்.

அடுப்பில் பழைய சாம்பல். தேக்சா அண்டா எல்லாம் கழுவிக் கவிழ்த்திருந்தது. விருந்துக்கு மிளகாய் பிரித்து வைத்திருக்க வேண்டும். மூட்டை பிரிக்கவே இல்லை. சிரிக்கவைக்க ஏதாவது சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். ஆயுள் முழுக்க ஜோக் அடித்த வாய். ஒன்றும் வரவில்லை. கேட்டுவிட்டேன்.

"பாய், செத்துப் போயிடலாம்னு தோணுதா உனக்கு?"

அறைவார் என்று நினைத்தேன். சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது.

"தோணுது" என்றார். "அவ போனதுலேருந்து காலைல எழுந்தா இன்னாத்துக்குன்னு இருக்குது. ஊருக்கே ஆக்கிப் போடறேன். வீட்டுக்கு வந்தா ஒருத்தனுக்கு உலை வைக்கக் கை வரல."

நான் தரையில் உட்கார்ந்தேன். 

"அகப்பையாரு போன மாசம் இங்க வந்தாரு, தோஸ்த். ரேடியோ ஆளுங்க யாரும் இல்லாம, தனியா. ரெண்டு வாய் தான் சாப்ட்டாரு. 'போறேன் பாய்'ன்னாரு. 'வர்றேன்னு சொல்லுங்க சார்'னேன். சிரிச்சிக்கினே 'சரி, வர்றேன்'னாரு. எனக்கு மனசு ஆறிடுச்சு. வார்த்தைய திருத்தினேன். ஆளை இன்னான்னு கேக்கல."

பிறகு அழுதார். நானும். எங்கள் இரண்டு பேருக்கும் அழத் தெரியவில்லை, இருமல் மாதிரி வந்தது.

"யாருகிட்டயும் சொல்லாதே. நூர்ஜஹானுக்குத் தெரியவே கூடாது. மானம் போயிடும்." (நூர்ஜஹான் அவர் மகள். வேலூரில் கட்டிக் கொடுத்தது.)

"சொல்வேன்."

"தோஸ்த்தாய்யா நீ?"

"அதான் சொல்வேன். எழுந்திரு. இன்னிக்கு எங்க வீட்ல தான்."

குடைக்குள் இரண்டு பேர். இரண்டு பேரும் முழுக்க நனைந்தோம்.

கார்த்திகை 6, சனி

மழை விட்டது. வெயில் இல்லை. முதல் பஸ்ஸில் வேலூர்.

கா. பாயை ராஜம்மாளிடம் விட்டுப் போனேன். கண்ணை எடுக்காதே என்று சொன்னேன். "எனக்கு நீங்க சொல்லணுமா?" என்றாள்.

நூர்ஜஹான் வாசலிலேயே என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அத்தாவுக்கு இன்னா?" என்றாள். வழி நெடுக யோசித்து வைத்திருந்த பக்குவமான வாக்கியங்கள் எல்லாம் போயின. உள்ளதைச் சொன்னேன். அழுதாள், கத்தினாள், "நேத்தே ஏன் சாச்சா வரல?" என்று என்னையே திட்டினாள். திட்டியது நல்லது. அவள் வீட்டுக்காரர் நிதானமானவர். பெரிய ஆஸ்பத்திரியில் மனசுக்கென்றே டாக்டர் இருக்கிறாராம். அவமானம் ஒன்றுமில்லை, திங்கட்கிழமை கூட்டி வாங்க, பஸ் ஸ்டாண்டில் நிற்கிறோம் என்றார். கைக்குழந்தைக்கு ஜுரம், இல்லாவிட்டால் இன்றே வந்திருப்பார்கள்.

திரும்பி வந்தால் வீட்டில் சத்தம். செருப்போடே ஓடினேன். உள்ளே பாய் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். ராஜம்மாள் மேற்பார்வை.

"அண்ணே, தோல்லயே பாதி வெங்காயம் போகுது."

"தங்கச்சி, உன் ரசத்துல புளி ஜாஸ்தி. நான் சொல்லல, உன் ரசமே சொல்லுது."

கமலா பாய் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்திருந்தாள். "அகப்பையார் ரேடியோவுக்காக வந்த அன்னிக்கு எந்த எடத்துல உக்காந்தாரு?" என்று கேட்டாள். பாய் எல்லாவற்றையும் சொன்னார். அடுப்பு ஊதி ஊதி அவர் கண்ணாடி முழுக்க சாம்பலானதையும். அப்போதுதான் கமலா அழுதாள். புதனிலிருந்து தேக்கி வைத்தது.

கார்த்திகை 7, ஞாயிறு

வெயில்! தோல் காயும். நானும்.

விருந்துச் சமையலுக்கு வேறு ஆளை வைத்துக்கொள்ளலாம் என்றேன். பாய் கேட்கவில்லை. நானும் கூடவே போய் நின்றேன். மிளகாய் அரைத்தது, அரிசி கழுவியது, திட்டு வாங்கியது எல்லாம் நான்.

வேறு ஒரு கரண்டியால் கிளறிப் பார்த்தார். தூக்கிப் போட்டார். இன்னொன்று. அதையும். பிறகு என்னைப் பார்க்காமல், "என் கரண்டி எங்க?" என்றார்.

ஓடினேன். இந்த வாரம் முழுக்க ஓட்டம்தான். தொப்பை கொஞ்சம் இறங்கியிருக்கலாம்.

மூடியில் கனல் போட்டு, தம் இறங்கி, தேக்சாவைத் திறந்தபோது பட்டறைக் காற்றும் சேர்ந்து வந்தது. மெட்ராஸ் விருந்தாளி ஒருவர் கைக்குட்டையை மூக்குக்குக் கொண்டு போனார். "சார், மூக்கப் பொத்தாதீங்க" என்றார் பாய்.  திரும்பி நின்று கரண்டியைத் துடைத்தார், அது ஏற்கெனவே சுத்தம்.

நல்ல பிரியாணி. உப்பு கம்மி. முதல் தடவையாக. யாரும் சொல்லவில்லை.

கார்த்திகை 8, திங்கள்

காலை. பாய் குளித்து, சட்டை மாற்றி, தலை வாரி நின்றார்.

"வேலூருக்கு நானே போய்க்கறேன். பஸ் ஏறத் தெரியாதா எனக்கு? நீ பட்டறைக்குப் போ. மூணு நாளா மட்டம்."

படியில் நின்று திரும்பினார். "வர்றேன் தங்கச்சி. வர்றேன் கமலா. வர்றேன் தோஸ்த்." தெளிவாக, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக.

தெருமுனை திரும்பிவிட்டார். "சரியா தானேங்க சொன்னாரு?" என்றாள் ராஜம்மாள். ஆனால் என் சட்டையை எடுத்துக் கையில் வைத்திருந்தாள். ஒரு செருப்புதான் கிடைத்தது, அதோடு ஓடினேன். மற்றதைக் கமலா பின்னாலேயே ஓடி வந்து கொடுத்தாள்.

இது பஸ்ஸில் எழுதுவது. எழுத்து ஆடுகிறது. பள்ளிகொண்டா தாண்டவில்லை. பாய் பக்கத்தில். இப்போது எட்டிப் பார்க்கிறார்.

"இன்னா எழுதறே?"

"தோல் கணக்கு."

"எம் பேரு இருக்குதே." ஜன்னல் பக்கம் திரும்பினார். "நான் தான் வர்றேன்னு சொன்னேனே. நம்பலியா?"

"நம்பல."

 கண்டக்டர் வருகிறார். "ரெண்டு பேருக்கும் நீயே வாங்கு" என்கிறார் பாய், "திரும்பி வர்றதுக்கும் சேத்துக் கேளு." கண்டக்டர், அதெல்லாம் அங்கே வாங்கணும் என்கிறார்.