அப்பாவின் இடத்தில் உன் தங்கை

பாரீஸ், சேந்த்-ஓனொரே தெரு
1681 மே 18, ஞாயிற்றுக்கிழமை

என் அன்பு மகன் பாஸ்தியேனுக்கு உன் அம்மா எழுதிக்கொள்வது. ஆண்டவர் தயவில் நாங்கள் மூன்று பேரும் மூச்சும் பேச்சுமாக இருக்கிறோம், பேச்சு என்று கைப்பழக்கத்தில் எழுதிவிட்டேன், அது வீட்டில் இப்போது குறைவுதான், ஏன் என்று சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். கடலுக்கு அப்பால் கெபெக்கில் நீ நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் மாதாவிடம் கேட்டுக்கொள்கிறேன். போன அக்டோபரில் நீ எழுதியது ஜனவரியில்தான் வந்தது, பனி கூரைவரை ஏறி மாடி ஜன்னல் வழியாக வெளியே இறங்கினோம் என்று எழுதியிருந்தாயே, உன் அப்பா அதை மட்டும் நாலு தடவை வாசிக்கச் சொன்னார். பீப்பாய்க்காரர் மருமகன் புதன்கிழமை ரோஷெல் துறைமுகத்துக்குக் கிளம்புகிறான், அவனிடம் இந்தக் கடிதத்தையும் இரண்டு ஜோடி கம்பளிக் காலுறையும் கொடுத்து அனுப்புகிறேன். நீ இதைப் படிக்கும்போது அங்கே ஆகஸ்ட் ஆகியிருக்கும், நீ பதில் எழுதி அது என் கைக்கு வரும்போது மறுபடி குளிர் வந்துவிடும், அது தெரிந்தும் உன்னைக் கேட்காமல் எனக்கு வேறு யாரைக் கேட்பது என்று தெரியவில்லை.

விஷயம் தவக்காலத்தில் ஆரம்பித்தது. ஒரு வியாழக்கிழமை, அடுப்பில் பட்டாணிக் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது, நடன அரங்கத்துத் தலைமை ஆசான் தெகூர் ஐயா படியேறி வந்தார், சின்ன வயதில் உனக்குச் சர்க்கரை பூசிய பாதாம் கொடுப்பாரே அவர்தான். மே மாதத்துப் புது பாலேவுக்குத் தன்னை அழைக்கத்தான் வந்திருக்கிறார் என்று உன் அப்பா ஓடிப்போய் நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தார். வந்தவர் ஒயினைத் தொடவில்லை, தொப்பியை மடியில் வைத்துத் திருப்பிக்கொண்டே இருந்தார். இந்தக் குளிர்காலத்தில் சேந்த்-ஜெர்மேன் அரண்மனையில் பிரபு வீட்டுப் பெண்களே இறங்கி ஆடினார்களாம், பார்த்தவர்கள் எல்லாம் சொக்கிப் போனார்களாம், இப்போது அதே பாலே பாரீஸ் அரங்கத்துக்கு வருகிறது, பிரபு வீட்டுப் பெண்கள் காசு வாங்கும் மேடையில் ஏறுவார்களா, அதனால் நான்கு பெண்கள் வேண்டும் என்றார். உன் அப்பா சிரித்துவிட்டு, "நாலு தேவகன்னிதானே ஐயா, நானும் பழைய ஆளுங்க மூணு பேரும் இருக்கோமே, இத்தனை வருஷமா நாங்கதானே பொம்பளை" என்றார். தெகூர் ஐயா தொப்பியைத் திருப்புவதை நிறுத்தி, "எலுவா, உன் இடத்துக்குத்தான்பா ஆள் தேடறேன்" என்றார். அப்புறம் அடுப்பருகே இறகு தைத்துக்கொண்டிருந்த உன் தங்கை பெரினைப் பார்த்தார். அவர் பார்த்த திசையிலேயே உன் அப்பாவும் திரும்பிப் பார்த்தார். கஞ்சி பொங்கி நெருப்பில் வழிந்தது, எடுத்து இறக்க யாருக்கும் தோன்றவில்லை.

உனக்குத் தெரியாததா. இருபத்தெட்டு வருஷம். ராஜா சின்னப் பையனாகத் தங்க உடை போட்டுச் சூரியனாக வந்து ஆடிய நாளில், அவருக்கு முன்னால் விடிகாலைப் பெண்களாக ஆடியவர்களில் உன் அப்பாவும் ஒருவர், அப்போது அவருக்குப் பதினாறு வயது. முகமூடிக்குள்ளே யார் என்று எவருக்கும் தெரியாது. எனக்கே தெரியவில்லையே. நான் அன்று மேடைக்குப் பக்கத்தில் தலையணி இறகுகளைச் சரிசெய்ய நின்றிருந்த பெண், ஓரத்தில் ஆடிய அந்தத் தேவதையைப் பார்த்து, ஒரு பெண் கைக்கு இப்படியும் ஒரு நளினம் இருக்குமா என்று வாயைப் பிளந்துகொண்டு நின்றேன், ஆட்டம் முடிந்து முகமூடியைக் கழற்றினால் வேர்த்து வழிய ஒரு பையன், "கொஞ்சம் தண்ணி இருக்கா" என்று கேட்டான். அப்படித்தான் நீயும் பெரினும் இந்த உலகத்துக்கு வந்தீர்கள். அதற்கும் முன்னால், இத்தாலிக்கார ராணி காலத்தில், ஆடுபவர்கள் தரையில் வட்டமும் முக்கோணமும் எழுத்துமாக நகர்வார்களாம், மாடத்தில் இருப்பவர்கள் அதைப் புத்தகம் மாதிரி வாசிப்பார்களாம், உன் அப்பாவுக்குக் கொஞ்சம் ஒயின் உள்ளே போனால் தானே அங்கே இருந்ததுபோல் இதைச் சொல்வார். ராஜா ஆடுவதை நிறுத்தினார், பிரபுக்களும் நிறுத்தினார்கள், உன் அப்பா மட்டும் நிறுத்தவில்லை.

பெரினுக்கு ஆட எப்படித் தெரியும் என்று கேட்பாய். நீ கப்பல் ஏறியபிறகு வீட்டில் பழகும்போது எதிரே நிற்க ஆள் இல்லை, அவளைக் கூப்பிட்டு நிறுத்தினார். அவர் இடைச்சி, இவள் இடையன். ஆறு வருஷம் அவள் ஆடியது முழுக்க ஆண் பாகம். தெகூர் ஐயா போனபிறகு உன் அப்பா அவளிடம், "உனக்கு இடையன் அடிதான் தெரியும், பொம்பளை அடி உனக்கு வராதுடி" என்றார், கோபமாகக்கூட இல்லை, ஆறுதல் சொல்வது மாதிரி. அவள் ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டு, "ஆறு வருஷமா உங்க மூஞ்சிக்கு நேரா நின்னுட்டு இருந்தேனேப்பா, பார்த்துட்டுத்தானே இருந்தேன்" என்றாள். அன்றிலிருந்து அவள் பழக ஆரம்பித்தால் அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போய்விடுவார், படகில் வைக்கோல் இறக்குவதைப் பார்த்துக்கொண்டு நிற்பாராம், ஒரு வார்த்தை அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததில்லை. தெகூர் ஐயா கடைசிக் காட்சியில் பூதங்களில் ஒன்றாக ஆடச் சொன்னார். உன் அப்பா என்னிடம், "இருபத்தெட்டு வருஷம் தேவகன்னி, இப்போ வாலு வெச்ச பூதமாம், போயி நீயே ஆடு" என்றார். நான் என்ன செய்வேன். அவர் தனியாகக் கூப்பிட்டு, "நீ தாய், நீ சொன்னா கேப்பா, போகாதேன்னு சொல்லு" என்கிறார். இவள் கிணற்றடிக்குப் பின்னாலேயே வந்து, "அம்மா, அப்பாகிட்ட ஒரே ஒரு வார்த்தை சொல்லேன்" என்கிறாள். இரண்டு பேருக்கும் சரி என்று தலையாட்டிவிட்டு இரண்டு பேரிடமும் எதுவும் சொல்லவில்லை. சமைத்தேன். இறகு தைத்தேன். தெகூர் ஐயா அவள் ஆடுவதற்கான ஒப்பந்தப் பத்திரத்தைக் கொண்டுவந்தபோது உன் அப்பா அதைப் படிக்காமலேயே கையெழுத்துப் போட்டார், அவர் ஏன் போட்டார் என்று கேட்கும் தைரியமும் எனக்கு வரவில்லை.

இதில் அம்ப்ருவாஸ் சம்பந்தம் போய்விட்டது. மெழுகுவர்த்திக்காரர் மகன், நல்ல பையன், பெரின் மேல் உயிர். அவனுடைய அம்மா வந்து உட்கார்ந்து, "நாங்க பலிபீடத்துக்கு மெழுகுவர்த்தி குடுக்கற குடும்பம், மேடையில தொடை தெரியக் குதிக்கறவளை மருமகளா கொண்டுபோய் ஊர் முகத்துல எப்படி முழிப்பேன்" என்றாள். பாவாடை கணுக்கால்வரை இருக்கும் என்றேன், அது மட்டும்தான் வாயில் வந்தது. அவர்கள் மெழுகுவர்த்தியில் பாதி அந்த மேடைக்குத்தானே போகிறது என்று அவள் படி இறங்கி முடித்தபிறகுதான் எனக்கு நினைவு வந்தது. பங்குச் சாமியாரிடம் ஓடினேன். அவர் பாவம், "நாடகக்காரங்களுக்கு நற்கருணை கிடையாதுன்னு விதி இருக்கு, ஆனா பொம்பளை அங்க ஆடினதே இல்லையேம்மா, இவளை எந்தக் கணக்குல சேக்கறதுன்னு எனக்கே தெரியல, மேலிடத்துக்கு எழுதியிருக்கேன்" என்றார். பதில் இன்னும் வரவில்லை. ஈஸ்டருக்குப் பிறகு இரண்டு ஞாயிறு கோவிலில் கல்யாண ஓலையில் அம்ப்ருவாஸ், பெரின் பேரை வாசித்தார்கள், மூன்றாவது ஞாயிறு வேறு யார் யார் பேரையோ வாசித்துவிட்டு ஜெபத்துக்குப் போய்விட்டார்கள். பெரின் குனிந்து தன் செருப்பு நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவள் கையைப் பிடித்தேன், அவள் பிடிக்கவும் இல்லை, விலக்கவும் இல்லை. வீட்டுக்கு வந்து ரொட்டியை அறுத்துக்கொண்டே, "அவன் ஒரு தடவையாவது வந்து சொல்லியிருக்கலாம்மா" என்றாள், அவ்வளவுதான். இன்றுவரை அழவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

சென்ற செவ்வாய் மாலை ஆடினாள். உன் அப்பா வரவில்லை. கீழ்வீட்டுச் சலவைக்காரி மார்கோவோடு நான் மேல்மாடத்துக்குப் போனேன். தெகூர் ஐயா அந்த நான்கு பெண்களுக்கும் முகமூடி வேண்டாம் என்று சொல்லியிருந்தார். வெறும் முகத்தோடு வந்தார்கள், கூட்டம் அப்படியே அடங்கிப் போயிற்று, இருமல் சத்தம்கூட இல்லை. பெரின் இரண்டாவதாக நின்றாள். அவள் என் மகள் என்பது எனக்குக் கொஞ்ச நேரம் மறந்தே போயிற்று, பாஸ்தியேன், அந்தப் பழைய நாள் மாதிரி வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்புறம்தான் ஒன்றைக் கவனித்தேன். ஒவ்வொரு முறை இடது காலை இறக்கும்போதும் தாளத்துக்கு ஒரு மயிரிழை பிந்தி, காற்றில் கொஞ்சம் நின்றுவிட்டு, பிறகுதான் குதிகால் தரையைத் தொட்டது. மற்ற மூவருக்கும் அது இல்லை. அந்த இடம் வரும்போதெல்லாம் கூட்டத்தில் ஒரு பெருமூச்சு எழுந்தது, மார்கோ என் முழங்கையைக் கிள்ளி, "இதை எங்கடி கத்துக்கிட்டா உன் பொண்ணு" என்றாள். அது ஆட்டமே இல்லையடா. நீ கப்பல் ஏறிய வருஷம் உன் அப்பா மேடையில் மேகம்போல் கயிற்றில் இறக்கும் பலகையிலிருந்து தவறி விழுந்தார், உனக்குக் கவலை வேண்டாம் என்று எழுதவில்லை. அப்போதிருந்து இடது முழங்காலில் வலி, வெளியே யாருக்கும் சொல்லாமல், அந்தக் காலை ஊன்றும் முன்பு ஒரு நொடி பல்லைக் கடித்துத் தாங்குவார். எதிரே நின்ற குழந்தை அதுவும் அடவு என்றே நினைத்துக் கற்றுக்கொண்டுவிட்டது.

வீட்டுக்கு வந்தோம். உன் அப்பா சூப்பைச் சூடாக வைத்திருந்தார். "தரை வழுக்கிச்சா?" என்று மட்டும் கேட்டார். "இடது ஓரத்துல, மெழுகு சொட்டியிருந்துச்சுப்பா" என்றாள். தலையாட்டிவிட்டுக் கிண்ணத்தை அவள் பக்கம் தள்ளினார். இரண்டு மாதத்தில் அவர்கள் பேசிய முதல் பேச்சு. மறுநாள் எந்தப் பிரபுவின் வேலையாளோ ஒரு ஜோடி வாசனைக் கையுறை கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனான், பேர் சொல்லவில்லை, யாருக்குத் திருப்பி அனுப்புவது என்று தெரியாமல் அலமாரி மேல் கிடக்கிறது. அன்றிலிருந்து ஆட்டம் உள்ள நாளெல்லாம் உன் அப்பா அரங்கத்துப் பின்வாசலில் போய் நிற்கிறார், அவள் வந்ததும் பத்தடி முன்னால் நடக்கிறார், வழியெல்லாம் பேச்சு இல்லை, ஆனால் அவள் பக்கம் எவனும் நெருங்குவதில்லை.

இப்போது நான் உன்னைக் கேட்பது இதுதான். தெகூர் ஐயா மற்ற மூன்று பெண்களையும் அந்த இடத்தில் பெரின் மாதிரியே காலை நிறுத்தி இறக்கச் சொல்லியிருக்கிறாராம், அதற்கு ஒரு பேர்கூட வைத்துவிட்டாராம், பெரின் சந்தோஷமாகச் சொல்கிறாள். உன் அப்பா இன்னும் அவள் ஆடிப் பார்க்கவில்லை. அது அவருடைய வலி என்று எனக்கு மட்டும்தான் தெரியும். அவரிடம் சொன்னால் என் இடத்தில் நானே இன்னும் நிற்கிறேன் என்று ஆறுதல் அடைவாரா, அல்லது என் நொண்டிக் காலைப் பார்த்து ஊரே கைதட்டுகிறதா என்று உடைந்துபோவாரா. அவளிடம் சொன்னால் அடுத்த ஆட்டத்திலேயே அந்தக் கால் நேராக இறங்கிவிடும். நேற்று இரண்டு தடவை வாயைத் திறந்தேன், இரண்டு தடவையும் உப்புப் போதுமா என்று கேட்டு மூடிக்கொண்டேன். நீ யோசித்து ஒன்று எழுது, சொல் என்றோ சொல்லாதே என்றோ. உன் எழுத்து வரும்வரை நான் பேசாமல் இருந்துகொள்கிறேன், அதற்கு மட்டும் எனக்குப் பலம் இருக்கிறது.

ஆண்டவரும் மாதாவும் உன்னைக் காக்கட்டும், உன் கூரை பனிக்குத் தாங்கட்டும், நல்ல மனதுள்ள ஒரு பெண் உனக்கு அமையட்டும். ஆற்றில் பனி உறைந்ததும் முதல் ஆளாக அதன்மேல் நடக்காதே, வேறு யாராவது நடந்தபிறகு நட. காலுறையில் ஒரு ஜோடியின் குதிகாலை உன் அப்பாதான் பின்னினார், கொஞ்சம் கோணலாக இருக்கும், அதை முதலில் போட்டுக்கொள்.

உன் நினைவாகவே இருக்கும் அம்மா,
மாதுரின்