உறையைப் பற்றிய வரி

பாய்,

இன்று மதியம் கம்ப்யூட்டரை மூடப் போனபோது தோல் வாசனை வந்தது. நீங்கள் தைத்த உறை மேசை மேல் கிடந்தது. ஜன்னல் வெயில் விழுந்து அது சூடேறியிருந்தது. கட்டைவிரல் அளவு, ஆட்டுத்தோல், ஓரம் முழுக்கப் பொடித் தையல். அதற்குள் இருந்த ரேடியோவை நான் வெளியே எடுத்து ஒரு மாதமாகிறது.

ஒன்பதாவது மாடியிலிருந்து என் பதினோராவது மாடிக்கு அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்தீர்கள். "டீச்சர், இது ரேடியோவாம். ஆனா பாடாது. கம்ப்யூட்டர்ல சொருகினாத்தான் பாடுமாம். உங்க வீட்டு ஜன்னல்ல ஹார்பர் தெரியுதுல்லா, அதான் வந்தேன்."

உங்கள் மகன் யூசுப் வேலை பார்க்கும் இழுவைப் படகின் பெயர் உங்களுக்குத் தெரியும். கப்பல்காரர்களும் படகுக்காரர்களும் பேசிக்கொள்வதை இந்தச் சாமானில் கேட்கலாம் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். போன் போட்டால் என்ன என்று கேட்டேன்.

"எடுத்தா என்னத்தப் பேச? எடுக்கலேன்னா அதுக்கு மேல என்ன செய்ய? இதுல ரெண்டும் இல்ல பாத்துக்கிடுங்க. அவன் பேசுவான், நான் கேப்பேன்."

நான்கு வருஷமாக உங்களுக்குள் பேச்சில்லை. தாயின் அடக்கத்துக்கு அவன் கடலிலிருந்து தாமதமாக வந்து நின்றபோது, கூட்டத்தின் நடுவே, "வாங்க கேப்டன், மண்ணு போட்டாச்சு, போங்க" என்று சொன்னீர்கள். அந்த ஒரு வாக்கியம்தான். தாராவித் தோல் பட்டறையை மூடியதோ, வாரம் மூன்று நாள் டயாலிசிஸுக்குப் போனதோ உங்களை இப்படிச் சாய்க்கவில்லை.

முதலில் மென்பொருள் வேண்டியிருந்தது. பழைய ரேடியோவில் எல்லாம் பெட்டிக்குள்ளேயே இருக்கும். இதில் காது மட்டும் சாமானில், மூளை கம்ப்யூட்டரில் என்று உங்களுக்குச் சொன்னேன். டிரைவர் என்றால் என்ன என்று கேட்டீர்கள். புதிதாகச் சேர்ந்த பிள்ளையின் பெயர் பதிவேட்டில் ஏறாவிட்டால் வகுப்பு வாசலிலேயே நிற்கும். டிரைவர் போட்டால் பெயர் ஏறிவிடும் என்றேன். "அப்ப நம்ம பய ரெண்டு நாளா வெளிய நிக்கான். உங்க ஸ்கூல்ல அட்மிஷன் ரொம்ப கஷ்டம் டீச்சர்" என்று சிரித்தீர்கள்.

மூன்றாம் நாள் சத்தம் வந்தது. இரைச்சல், இந்தியில் யாரோ யாரையோ திட்டுவது, ஒரு கப்பலின் பெயர். பத்து நிமிஷம் போனதும் குரல்கள் கரகரத்து, நகர்ந்து, இரைச்சலுக்குள் போய்விட்டன. பிடுங்கி ஆறவிட்டுச் சொருகினால் இன்னொரு பத்து நிமிஷம். தினமும் இதே கதை.

அப்படி ஒரு பத்து நிமிஷத்தின் கடைசியில்தான் அவன் வந்தான். "ஹா ஜி, ஆ ரஹா ஹூ." வந்துகொண்டிருக்கிறேன், அவ்வளவுதான். மீதியை இரைச்சல் தின்றுவிட்டது. நாற்காலியிலிருந்து எழுந்து நின்றீர்கள். "ஏக்தம் அவன்தான். சளி பிடிச்சிருக்கு டீச்சர் அவனுக்கு." அப்புறம் வெறும் இரைச்சலை வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தீர்கள்.

மறுநாளே, சாமானைச் செய்தவர்களுக்கு உதவி கேட்டு எழுத உட்கார்ந்தோம். நீங்கள் சொல்லச் சொல்ல நான் ஆங்கிலத்தில் எழுதினேன். எத்தனை நிமிஷத்தில் மறைகிறது, எந்த மென்பொருள், எந்தக் கம்ப்யூட்டர். கடைசியில் சொன்னீர்கள்: "சாமானுக்கு நானே ஒரு உறை தச்சுப் போட்டிருக்கேன், அதையும் எழுதிப் போடுங்க."

"அது எதுக்கு பாய்? படிக்கிறவங்க சிரிப்பாங்க."

"டாக்டர்ட்ட எல்லாத்தையும் சொல்லணும்லா."

நீங்கள் பார்த்துக்கொண்டிருந்ததால் எழுதினேன். நீங்கள் லிஃப்ட் ஏறியதும் கடிதத்தைத் திரும்பப் படித்து அந்த வரியை நீக்கினேன். முப்பத்தொரு வருஷம் பிள்ளைகளின் கட்டுரையில் வேண்டாத வரியைச் சிவப்பு மையால் அடித்த கை அது. பட்டறையை மூடியபின் நீங்கள் தைத்த முதல் பொருள் அதுதான் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் அடித்தேன்.

பதில் வந்தது. டிரைவரை மாற்றுங்கள் என்றார்கள்; மாற்றினோம். பழைய பதிப்பைப் போடுங்கள் என்றார்கள்; போட்டோம். வேறு யுஎஸ்பி ஓட்டையில் சொருகச் சொன்னார்கள், வேறு மென்பொருளையும் காட்டினார்கள். அவர்கள் மேல் குற்றமில்லை. நான் சொன்ன நோய்க்கு அவர்கள் மருந்து சொன்னார்கள். இப்படி மூன்று வாரம் போயிற்று. உங்கள் கால் வீங்கிக்கொண்டே வந்தது. கடைசி வாரம் லிஃப்டிலிருந்து என் கதவுக்கு வருவதற்குள் இரண்டு முறை சுவரைப் பிடித்து நின்றீர்கள். அவன் குரல் மறுபடி சிக்கவே இல்லை.

திங்கட்கிழமை, சொருகியிருப்பதை அப்படியே படம் எடுத்து அனுப்பச் சொன்னார்கள். அனுப்பினேன். செவ்வாய் விடியற்காலை நீங்கள் போய்விட்டீர்கள்.

யூசுப் இந்த முறை நேரத்துக்கு வந்துவிட்டான். தோள் கொடுத்தான், மண் போட்டான். நான் வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரைத் திறந்தபோது பதில் காத்திருந்தது. இரண்டே வரி. அந்தத் தோல் உறையைக் கழற்றிவிடுங்கள். சூடு வெளியேற வழியில்லாமல்தான் அலைவரிசை நகர்கிறது.

கழற்றினேன். ஒரு மணி நேரம் ஓடியது, ஒரு குரல்கூட நகரவில்லை. நான்காம் நாள் யூசுப் வேலைக்குத் திரும்பினான். மத்தியானம் முழுக்க அவன் பேசுவது தெளிவாகக் கேட்டது. கயிறு போடு, கொஞ்சம் பொறு, வந்துகொண்டிருக்கிறேன். நீங்கள் சொன்னது சரிதான். சளிதான், இன்னும் விடவில்லை.

அன்றே அந்த வரியை அனுப்பியிருந்தால் உங்களுக்கு மூன்று வாரம் கிடைத்திருக்கும் பாய். டயாலிசிஸ் இல்லாத நாட்களாக எண்ணிப் பார்த்தேன், பன்னிரண்டு மத்தியானம். நீங்கள் அவனைக் கேட்டிருப்பீர்கள். கேட்டுக் கேட்டு ஒரு நாள் போனை எடுத்திருப்பீர்களோ என்னவோ. அது எனக்குத் தெரியாது. தெரியாமல் போனதற்கு நான் காரணம், அது தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை தையல் மெஷினை எடுத்துப்போக யூசுப் வருகிறான். அவன் குரலைக் கேட்கத்தான் வாப்பா முடிந்த நாளெல்லாம் மாடி ஏறினார் என்பது அவனுக்கு இன்னும் தெரியாது. அதைச் சொன்னால் நான் அடித்த வரியையும் சொல்லியாக வேண்டும். அதனால்தான் இத்தனை நாள் வாயைத் திறக்கவில்லை.

இந்தக் கடிதத்தில் எதையும் அடிக்கவில்லை பாய். அவன் இந்தியில் படித்தவன், தமிழ் எழுத்துக் கூட்டத்தான் வரும். நானே வாசித்துக் காட்டுகிறேன். அதற்கு முன் உறையை அவன் கையில் கொடுப்பேன். உங்கள் தையல் அவனுக்குத் தெரியும். இதற்குள் என்ன இருந்தது டீச்சர் என்று கேட்பான்.